மேகங்களுக்கு வைத்த எண்களை வெளியில் சொல்லுங்கள்: காலநிலை மாதிரி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

காலநிலை மாதிரி மையங்களின் இயக்குநர்களுக்கும், எல்லா மையங்களின் மாதிரிகளையும் ஒரே சோதனைகளில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி ஒப்பீட்டின் அடுத்த சுற்றை வழிநடத்தும் குழுக்களுக்கும்,

ஒரு காலநிலை மாதிரியின், அதாவது பூமியின் காலநிலையைக் கணக்கிடும் கணினி நிரலின், தரவை வெளியிடும்போது, அதன் மேக அளவுருக்கள் (மேகச் சூத்திரங்களுக்குள் நாம் வைக்கும் எண்கள்) எப்படிச் சீரமைக்கப்பட்டன என்ற குறிப்பையும் கூடவே வெளியிட வேண்டும் என்று எங்களில் சிலர் கேட்டிருந்தோம். நான் கலந்துகொண்ட ஒரு திட்டக் கூட்டத்தில் அந்தக் கோரிக்கை "விருப்பம் இருந்தால் தரலாம்" என்ற வரிசைக்குத் தள்ளப்பட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். யாரும் தரமாட்டார்கள். நேரம் இல்லை, படிக்க ஆள் இல்லை, வெளியே போனால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மாதிரிக்குள் மேகத்தைக் கையாளும் நிரல்தான் என் வேலை. ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்பதை, இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சேர்த்து, கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மாதிரி, பூமியைச் சுற்றியுள்ள காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒரு கட்டத்தின் அகலம் பெரும்பாலும் 100 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். மேகத் துளியின் ஆரமோ சுமார் 10 மைக்ரான். ஒரு கட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான சிறு மேகங்கள் எழுந்து கலையலாம். மாதிரிக்கு அவற்றில் ஒன்றுகூடத் தனியாகத் தெரியாது. அதனால் கட்டத்தின் சராசரி வெப்பத்தையும் ஈரத்தையும் வைத்து, இங்கே இவ்வளவு மேகம் இருக்கும், அதில் இவ்வளவு நீர், இவ்வளவு பனி, துளி இந்த அளவு என்று சூத்திரம் போட்டுத்தான் சொல்ல முடியும். அந்தச் சூத்திரங்களுக்குள் எண்கள் இருக்கின்றன. எழும்பும் மேகம் சுற்றியுள்ள உலர்ந்த காற்றை எந்த வேகத்தில் தனக்குள் இழுத்துக் கலக்கிறது? துளி எவ்வளவு வளர்ந்தால் தூறலாக விழத் தொடங்கும்? பனிப்படிகம் என்ன வேகத்தில் கீழே இறங்கும்? இவற்றில் எதற்கும் இயற்கை ஒரே எண்ணை எழுதிக் கொடுத்துவிடவில்லை. அளவீடுகள் ஒரு வரம்பைத் தருகின்றன. அந்த வரம்புக்குள் எந்த எண் என்பதை ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து முடிவு செய்கிறோம்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வேறு வழி இல்லாததால் செய்கிறோம். சூரியனிடமிருந்து வாங்கும் ஆற்றலும் விண்வெளிக்குத் திரும்பிப் போகும் ஆற்றலும் மாதிரியில் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். வராவிட்டால் யாரும் தொடாமலேயே மாதிரி சூடாகிக்கொண்டோ குளிர்ந்துகொண்டோ போகும். மேகங்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கின்றன, கீழிருந்து வரும் வெப்பத்தைப் பிடித்துச் சூடாக்கவும் செய்கின்றன. இரண்டையும் கழித்துப் பார்த்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 20 வாட் குளிர்ச்சி மிஞ்சுகிறது. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வரும் உந்துதல், அதாவது பூமியில் கூடுதலாகத் தங்கும் ஆற்றல், 4 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் மேகத்தில் ஒரு சிறு பிசகு எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரட்டிப்புக்குப் பூமி கடைசியில் எத்தனை டிகிரி சூடாகும் என்பதைத்தான் காலநிலை உணர்திறன் என்கிறோம். அதை மேகம் எப்படி ஆட்டிவைக்கிறது என்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையில் உள்ள மைய மதிப்பீடுகளையே எடுத்துக்கொள்வோம். இரட்டிப்பின் உந்துதல் சதுர மீட்டருக்கு 3.93 வாட். பூமி 1 டிகிரி சூடானால் அது கூடுதலாக வெளியேற்றும் வெப்பம் 3.22 வாட். அதில் நீராவியும் உயரத்தோடு காற்றின் வெப்பம் மாறும் விதமும் சேர்ந்து 1.30 வாட்டைத் திரும்பப் பிடித்துக்கொள்கின்றன. பனி உருகித் தரையின் வெண்மை குறைவதில் 0.35 போகிறது, மேகங்களால் 0.42. மற்றச் சிறு விளைவுகளையும் சேர்த்தால் மிச்சம் சுமார் 1.16. அதால் 3.93-ஐ வகுத்தால் 3.4 டிகிரி வரும். இப்போது மேகத்தின் பங்கை மட்டும் பூஜ்யமாக்குங்கள், 2.5 டிகிரி. அதையே 0.8 என்று வையுங்கள், 5 டிகிரி! 0.42-ஐக் கழித்தபோது 0.9 டிகிரிதான் இறங்கியது. 0.38-ஐக் கூட்டியதற்கே 1.6 டிகிரி ஏறிவிட்டது. வகுக்கும் எண் சிறுத்துக்கொண்டே போனால் விடை இப்படித்தான் எகிறும். அதே அறிக்கை மேகத்தின் பங்குக்குக் கொடுக்கும் வரம்பு -0.10 முதல் 0.94 வரை.

இது நமக்கு இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1979-இல் அமெரிக்க வானிலையியலாளர் சார்னி தலைமையிலான குழு உணர்திறனை 1.5 முதல் 4.5 டிகிரி என்று சொன்னது. பத்து ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் மாதிரியில் மேகத்தைக் கணக்கிடும் முறையை மட்டும் மாற்றினார்கள். உணர்திறன் 5.2-இலிருந்து 2.7-க்கும், மேகத்தின் ஒளிப்பண்புகளும் மாறலாம் என்று விட்டபோது 1.9-க்கும் இறங்கியது. அதே 1989-இல் செஸ் என்ற விஞ்ஞானியும் உடனிருந்தவர்களும் 14 மாதிரிகளை ஒப்பிட்டார்கள். உணர்திறன் மூன்று மடங்கு வேறுபட்டது, பெரும்பாலும் மேகத்தால். 2005-இல் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஒரே மாதிரியை எண்களை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில், 2 டிகிரிக்குக் கீழிருந்து 11 டிகிரிக்கு மேல் வரை விடை வந்தது. அதில் பெரும் பங்கு, மேகம் சுற்றுக்காற்றை இழுத்துக் கலக்கும் வேகத்தைக் குறிக்கும் எண்ணுக்கு.

சரி, இவையெல்லாம் பழைய கதை, இப்போது செயற்கைக்கோள்கள் இருக்கின்றன என்பீர்கள். அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 2013-இல் அமெரிக்காவின் ஜி.எஃப்.டி.எல். காலநிலை ஆய்வகத்தினர் வெளியிட்ட ஆய்வை நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எல்லாம் படிக்கக் கொடுப்பேன். தங்கள் மாதிரியின் மேக எண்களை, துளி எந்த அளவில் தூறலாகும் என்ற எண் உட்பட, மாற்றி இன்னும் இரண்டு வடிவங்களை உருவாக்கினார்கள். மூன்றிலும் மேலே சொன்ன ஆற்றல் சமநிலை சரியாக வந்தது. இன்றைய காலநிலையை வைத்துப் பார்த்தால் மூன்றையும் பிரித்தறிவதே கடினம். ஆனால் காற்றில் மிதக்கும் துகள்கள் மேகத்தின் வழியாக உண்டாக்கும் குளிர்ச்சி சதுர மீட்டருக்கு 1.2 வாட் வரை வேறுபட்டது. அதனால் இருபதாம் நூற்றாண்டின் வெப்பநிலை வரலாறு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வந்தது. இதைத் தொடர்ந்து வந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. செயற்கைக்கோள் காட்டும் தூறலோடு ஒத்துப்போகும் எண்ணை வைத்தால் வெப்பநிலை வரலாறு கெடுகிறது. வெப்பநிலை வரலாற்றுக்கு ஒத்துப்போகும் எண்ணை வைத்தால் தூறல் கெடுகிறது.

இந்த இடத்தில் ஒரு குழு எதைத் தேர்ந்தெடுத்தது என்பது வெறும் உள்விவகாரமா? அந்தத் தேர்வு தெரியாமல், "எங்கள் மாதிரி கடந்த நூற்றாண்டின் வெப்பநிலையை அப்படியே காட்டுகிறது" என்று ஒரு படத்தைப் போட்டால், படிக்கிறவர் அதை ஒரு சோதனையில் தேறியதாகத்தான் எடுத்துக்கொள்வார். கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதிய பரீட்சையின் மதிப்பெண்ணாகவும் அது இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஹாம்பர்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தில் புதிய மாதிரியை உருவாக்கும் வழியில் உணர்திறன் எதிர்பாராமல் 7 டிகிரி அளவுக்குப் போய்விட்டது. சூடான காற்று மேலெழுவதால் உண்டாகும் தாழ்ந்த மேகங்கள் சுற்றுக்காற்றைக் கலக்கும் வேகத்தைப் பத்து மடங்கு உயர்த்தியது உட்படச் சில மாற்றங்களால் அதை 3 டிகிரி பக்கம் கொண்டுவந்தார்கள். கடந்தகால வெப்பநிலைக்குப் பொருந்த வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தோம் என்றும், ஆகவே அந்தப் பொருத்தத்தை மாதிரியின் தரத்துக்குத் தனிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் 2019, 2020-இல் ஆய்விதழ்களிலேயே எழுதினார்கள். குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. அந்த மாதிரியை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். எந்த எண்ணை எதற்காக மாற்றினார்கள் என்று தெரிவதால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

இன்னொரு கதை, நீரும் பனியும் சேர்ந்திருக்கும் கலப்பு மேகங்களைப் பற்றியது. 0 டிகிரிக்குக் கீழே போனாலும் மேகத்தில் நீர் நீராகவே இருக்கலாம். -38 டிகிரி வரைகூட இருக்க முடியும். தென் பெருங்கடலின் மேல் இப்படிப்பட்ட மேகங்கள் நிறைய. பூமி சூடாகும்போது இவற்றில் உள்ள பனி நீராக மாறுகிறது. நீர்த்துளி மேகம் பனி மேகத்தைவிட வெண்மையாக ஒளியைத் திருப்பும், சீக்கிரம் கொட்டித் தீர்ந்தும் போகாது. ஆகவே இது வெப்பமாதலுக்கு ஒரு தடை. இன்றைய மேகத்தில் எவ்வளவு பனி இருக்கிறதோ அவ்வளவுதான் அந்தத் தடைக்குத் தெம்பு. கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, பல மாதிரிகள் இந்த மேகங்களில் பனியை அளவுக்கு மீறி வைத்திருந்தது தெரிந்தது. 2016-இல் ஒரு மாதிரியில் அந்த நீர்-பனி விகிதத்தை அளவீட்டுக்கு ஏற்பத் திருத்தியபோது உணர்திறன் 4.0-இலிருந்து 5.0, 5.3 அளவுக்குப் போனது.

அடுத்து வந்த மாதிரி ஒப்பீட்டில், அதாவது ஆறாம் சுற்றில், பல மையங்களின் உணர்திறன் எண்கள் மேலே ஏறின. ஐந்தாம் சுற்றில் 2.1 முதல் 4.7 வரை இருந்தது, ஆறாவதில் 1.8 முதல் 5.6 வரை விரிந்தது. நடு, உயர் அட்சரேகைகளின் தாழ்ந்த மேகங்கள் இந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் என்பது பின்னால் நடந்த பகுப்பாய்வில் தெரிந்தது. அமெரிக்காவின் சி.இ.எஸ்.எம்.2 மாதிரி 5 டிகிரியைத் தாண்டியது. அதைக் கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்கு ஓட்டியபோது பூமி 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. பழங்காலச் சான்றுகள் காட்டுவதோ ஏறக்குறைய 6 டிகிரி. தேடிப் பார்த்தார்கள். மேகத்தின் பனித்துகள் எண்ணிக்கைக்குப் போட்டிருந்த பொருத்தமற்ற உச்சவரம்பு ஒன்று அகப்பட்டது. அதை நீக்கி, மேகக் கணக்கின் கால இடைவெளியையும் குறைத்தபோது உணர்திறன் 4 டிகிரி அளவுக்கு வந்தது. நிரலில் ஒரு வரம்பு, பூமியின் எதிர்காலத்தில் ஒரு டிகிரிக்கு மேல்! அது திறந்த நிரல். வெளியாட்களும் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. பூட்டிய அலமாரியில் இருந்திருந்தால்?

இனி என் குறைக்கு வருகிறேன். சில காலம் முன்பு நீர்த்தேக்கத் திட்டமிடலில் உள்ள ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். இரண்டு மாதிரிகளின் தரவை இறக்கியிருக்கிறார். வருங்காலத்தில் எவ்வளவு கார்பன் வெளியேறும் என்ற ஒரே உமிழ்வுப் பாதைக்கு இரண்டும் வெகு தூரம் விலகிய எண்களைத் தருகின்றன. எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொதுவில் இருந்த ஆவணங்களைத் திறந்து பார்த்தேன். கட்டத்தின் அளவு இருந்தது, கடல் பகுதியின் பெயர் இருந்தது, மண்ணடுக்குகள் எத்தனை என்பதுகூட இருந்தது. மேக எண்கள் எந்த இலக்கை நோக்கிச் சீரமைக்கப்பட்டன என்ற வரி மட்டும் இல்லை. அவற்றில் ஒரு மாதிரிக்கான விடை ஓர் உள்குறிப்பில் இருப்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் பாதியை எழுதியதே நான். அனுப்பலாமா என்று கேட்டேன். உள் ஆவணம், அனுப்பக் கூடாது என்று பதில் வந்தது. அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? கிடைத்த எல்லா மாதிரிகளையும் சராசரி போட்டுவிட்டார். 1.8-உம் 5.6-உம் ஒரே எடையில்.

மாதிரிகளை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சராசரி போடாதீர்கள், மிகச் சூடான மாதிரிகள் முடிவை இழுத்துவிடும் என்று 2022-இல் நேச்சர் இதழில் ஐந்து விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஐ.பி.சி.சி.யும் 2021 அறிக்கையில் வெப்பநிலை முன்கணிப்புக்கு மாதிரிகளின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வேறு சான்றுகளையும் சேர்த்து உணர்திறனை 2.5 முதல் 4 வரை என்று குறுக்கியது. நிபுணர்களுக்கு இது தெரியும். தரவை இறக்கிப் பயன்படுத்தும் பொறியாளருக்கு யார் சொல்வது? அவர் படிக்கும் ஒரே காகிதம் தரவோடு வரும் விவரக் குறிப்புதான்.

உங்கள் மூன்று காரணங்களைப் பார்ப்போம். நேரம் இல்லை என்பது சரியல்ல. சீரமைக்கும்போது நாங்கள் எப்படியும் குறித்துவைக்கிறோம், இல்லாவிட்டால் எங்களுக்கே வழி தெரியாது. அதைத் துப்புரவாக எழுதுவது, மாதிரியை ஓட்டும் உழைப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. படிக்க ஆள் இல்லை என்பதற்கு மேலே சொன்ன ஆய்வுகளே பதில்.

தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயம் உண்மையானது, அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. மாதிரிகள் எல்லாம் ஆட்டிவைத்த பொம்மை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தீனி போடுவது மறைப்புதான். மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். மேகத்தின் பங்கைப் பூஜ்யமாக்கிய பிறகும் 2.5 டிகிரி நிற்கிறது. மேகம் தெளிவாகத் தெரியவில்லை என்பதால் வெப்பமாதல் பொய்யாகிவிடாது; மிதமாகத்தான் இருக்கும் என்றும் ஆகிவிடாது, ஏனென்றால் அந்த வகுத்தலில் மேல் பக்கம்தான் அதிகம் திறந்து கிடக்கிறது. இதைத் தைரியமாகச் சொல்ல முடிந்த நமக்கு ஓர் அட்டவணையை வெளியிடப் பயம் எதற்கு?

சொல்லப்படாத நான்காவது காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். "சூடான மாதிரி" என்ற பெயர் எந்த மையத்துக்கும் பிடிப்பதில்லை. அதைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை.

இப்போது இதைக் கேட்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2020-இல் பார்படோஸ் அருகே விமானங்களையும் கப்பல்களையும் வைத்து வணிகக்காற்று மேகங்களை நேரடியாக அளந்தார்கள். காற்றுக் கலப்பு அதிகமானால் இந்தத் தாழ்ந்த மேகங்கள் வறண்டு குறைந்துவிடும் என்று சில மாதிரிகள் காட்டிய வலுவான விளைவு அங்கே தென்படவில்லை என்று 2022-இல் முடிவு வெளியானது. அதிக உணர்திறன் கொண்ட சில மாதிரிகளின் அடிப்படையையே இது கேள்விக்குள்ளாக்குகிறது. கலிப்சோவும், ரேடாரால் மேகத்தை அளந்த கிளவுட்சாட் செயற்கைக்கோளும் 2023-இல் ஓய்ந்துவிட்டன. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் எர்த்கேரை அனுப்பியிருக்கின்றன. லேசரும் ரேடாரும் ஒரே செயற்கைக்கோளில். இப்படி வரும் ஒவ்வொரு அளவீட்டையும் எந்த மாதிரியின் எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்று தெரிந்தால்தான் அதனால் பயன். இன்றைக்கு அதைக் கண்டுபிடிக்க, தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கிறது.

எனவே உங்களிடம் கேட்பவை.

மேகச் சீரமைப்புக் குறிப்பை விருப்பத்திலிருந்து கட்டாயத்துக்கு மாற்றுங்கள். மாற்றிய ஒவ்வொரு மேக எண்ணும், அதன் பழைய மதிப்பும் புதிய மதிப்பும், அளவீடுகள் அனுமதிக்கும் வரம்பும், எந்த இலக்குக்காக மாற்றினோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த மாதிரியின் தரவும் பொதுத் தளத்தில் ஏறக் கூடாது.

கடந்த நூற்றாண்டின் வெப்பநிலையைப் பார்த்துச் சீரமைத்தீர்களா இல்லையா என்பதை ஆம், இல்லை என்று ஒரே வரியில், தரவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நேரடியாகப் பார்க்கவில்லை, ஆனால் உணர்திறன் ஏறிவிட்டதே என்று ஒரு வடிவத்தைக் கைவிட்டோம் என்றால் அதுவும் "ஆம்"தான்.

கைவிட்ட வடிவங்களில் குறைந்தது இரண்டையாவது, கடல் வெப்பநிலையை 4 டிகிரி உயர்த்தி ஓட்டும் சிறு சோதனையோடு வெளியிடுங்கள். முழு மாதிரியை ஓட்டும் செலவு இதற்கு ஆகாது. இதே மாதிரி வேறு எண்களோடு என்ன சொல்லியிருக்கும் என்று பயனருக்குத் தெரியட்டும்.

செயற்கைக்கோள் பார்வையில் மேகம் எப்படித் தெரியும் என்று மாதிரிக்குள்ளேயே கணக்கிடும் நிரலின் வெளியீடுகளை, குறிப்பாக நீர்-பனி விகிதத்தை, இடம் போதவில்லை என்று முதலில் வெட்டாதீர்கள். எப்போதும் அதைத்தான் முதலில் வெட்டுகிறீர்கள்.

இந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் அவற்றைப் பகிர அனுமதி கேட்டு நிற்க வேண்டியிராத விதி ஒன்றையும் எழுத்தில் தாருங்கள்.

இதற்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த வழிநடத்தும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு கூட்டக் குறிப்பில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மேக நிரலில் வேலை செய்யும் ஒருவர்